நாற்பது வீட்டுப் புகை

புகை இல்லாத பட்டியலில் தன் வீட்டுப் பெயரைக் கேட்டதும் துர்சுனோய் தலைத்துணியின் முனையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன் வாத்தியாரே?"

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. பையில இருந்து நீங்களே எடுத்த வாதுமைக் கொட்டை. வெள்ளை பூசின கொட்டை வந்தா புகை கிடையாது."

"ஊரே இசிரிக் செடியைக் கொளுத்திப் புகை போடும்போது என் வீடு மட்டும் போடலைன்னா, நாளைக்கு நான் தெருவுல எப்படி நடமாடுறது?"

"ஊரே போடலை. இருபது வீடு போடும், இருபது வீடு போடாது. அப்பத்தான் ஒப்பிட முடியும்."

"அந்தப் போடாத இருபதுல நான் ஏன்?"

மிர்வோஹித் வாத்தியார் கையிலிருந்த குச்சியைக் கரும்பலகையின் மேல் ஒரு தட்டுத் தட்டினார். முப்பத்து நாலு வருஷம் கோகந்து நகரத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த குச்சி. ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூடத்தில் மேலங்கி போர்த்தி, கடிகாரம் கொடுத்தார்கள். அவர் குச்சியையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் குடியிருக்கும் பேட்டையான மஹல்லாவின் கூடத்தில் சனிக்கிழமைதோறும் அவருடைய அறிவியல் வட்டம் நடக்கிறது. கெட்டில் ஏன் பாடுகிறது, தர்பூசணி ஏன் கிணற்றில் போட்டால் குளிர்கிறது, மின்னலுக்குப் பிறகுதான் இடி ஏன் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு விஷயம். கூட்டத்துக்குக் குறைவில்லை. குளிர்காலத்தில் அந்த மஹல்லாவில் அடுப்பு ஒழுங்காக எரிகிற ஒரே பொது இடம் அந்தக் கூடம்தான் என்பதை அவர் காரணமாக எடுத்துக்கொண்டதில்லை. மக்களுக்கு அறிவுத் தாகம் என்றே எழுதி வைத்திருந்தார்.

இந்த ஆராய்ச்சிக்குக் காரணம் அவருடைய சம்பந்தியம்மா சுல்ஹுமோர்.

போன சனிக்கிழமை 'புகையும் நுரையீரலும்' என்று பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்து, கேள்வி உண்டா என்று வழக்கம்போலக் கேட்டார். வழக்கத்துக்கு மாறாக ஒரு கை உயர்ந்தது.

"கேள்வி இல்லை சம்பந்தி, ஒரு தகவல்," என்று சுல்ஹுமோர் எழுந்தாள். "இன்னும் ஆறு வாரத்துல ஷஹ்லோவுக்குப் பிள்ளை பிறக்கும். பிறந்த நாள்லேருந்து நாப்பது நாளும், காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், பிள்ளை படுத்திருக்கிற அறையில இசிரிக் போடப்போறேன். இப்பவே சொல்லிட்டேன்."

ஷஹ்லோ வாத்தியாரின் ஒரே மகள். சுல்ஹுமோரின் மகன் எல்யோருக்குக் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. முதல் பிள்ளை. வாத்தியாருக்கு அப்போதே மூச்சு முட்டியது.

"பச்சைப் பிள்ளை மூக்குல புகையா? அந்த நுரையீரல் எவ்வளவு இருக்கும் தெரியுமா? ரெண்டு பாதாம் பருப்பு அளவு."

"உங்களுக்கும் அந்த அளவுலதான் இருந்திருக்கும். உங்க அம்மா போட்ட புகையிலதானே வளர்ந்து, இன்னைக்கு இவ்வளவு நேரம் மூச்சு விடாமப் பேசுறீங்க?"

கூடம் சிரித்தது. சிரித்தவர்களில் தன் மனைவி இனோயத்தும் இருந்ததை வாத்தியார் கவனித்தார்.

"இசிரிக் போட்டா சளி வராது, கண்ணு படாது," என்றாள் சுல்ஹுமோர்.

"கண்ணை விடுங்க. சளி வராதுங்கிறதுக்கு ஆதாரம் என்ன?"

"நீங்கதானே அறிவியல்காரரு. பரீட்சை பண்ணிப் பாருங்க. புகை போட்ட வீட்டுல சளி குறைச்சல்னா நான் போடுவேன். ரெண்டும் ஒண்ணுன்னா புகைக் கரண்டியைக் கழுவிக் கவுத்துடுறேன்."

வாத்தியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு பெண்மணி, அதுவும் சம்பந்தி, தானாக வந்து ஆதாரம் கேட்கிறாள். பத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

"பத்தா? பிள்ளைக்குக் காவல் நாப்பது நாள். நாப்பது வீடு பாருங்க. போன வருஷம் நீங்கதானே சொன்னீங்க, எத்தனை அதிகமா எண்ணுறமோ அத்தனை நம்பிக்கைன்னு."

சொல்லியிருந்தார். நோட்டில் கூட இருந்தது.

"சரி, நாப்பது. வாரம் ரெண்டு தரம் போன் பண்ணிக் கேட்டுக் குறிச்சுக்கிறேன்."

"போன்ல சளி இருக்கான்னா யாரு உள்ளதைச் சொல்லுவா? நேர்ல போய் மூக்கைப் பாருங்க சம்பந்தி."

இதுவும் நியாயம்தான். வாத்தியாருக்கு ஒரே ஒரு சங்கடம். அவர் நடப்பதில்லை. பக்கத்துத் தெரு ரொட்டிக் கடைக்கும் கார்தான். உடலின் ஆற்றலைச் சிந்தனைக்குச் சேமிக்க வேண்டும், தூரத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பது அவருடைய கொள்கை. மறுநாளே மாப்பிள்ளை எல்யோர் வந்து, காரில் ஏதோ சத்தம் வருகிறது என்று பழுது பார்க்கத் தன் கொட்டகைக்கு எடுத்துப் போனான். ஒரு சின்னப் பாகம் மாற்ற வேண்டும், அந்திஜானிலிருந்து வரவேண்டும், நாலு நாளில் வந்துவிடும் என்றான்.

இப்படித்தான் வாத்தியார் துர்சுனோயின் கண்ணீருக்கு முன்னால் வந்து நின்றார்.

"அழாதீங்கம்மா. உங்க வீடு போடாததாலதான் மத்த வீட்டைப் பத்தி நமக்குத் தெரியப்போகுது. அறிவியலுக்கு உங்க வீடுதான் அஸ்திவாரம்."

"அஸ்திவாரத்துக்குச் சளி பிடிச்சா?" என்றாள் துர்சுனோய்.

*

முதல் சுற்றுக்குப் புறப்பட்டபோது கோகந்துக் காற்று வழக்கம்போல மேற்கிலிருந்து வந்து மேலங்கிக்குள் புகுந்துகொண்டது. மூன்றாவது வீட்டிலேயே வாத்தியார் வாசற்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்று காற்றின் அழுத்தம் குறைவு, அதனால்தான் மூச்சு வாங்குகிறது என்று வீட்டுக்காரருக்கு விளக்கினார். வீட்டுக்காரர் ஆமாம் என்றார்.

துர்சுனோய் வீட்டுக் கதவைத் திறந்ததும் உள்ளே எதிரில் இருப்பவர் தெரியாத அளவு புகை.

"என்னம்மா இது?"

"நான் போடலை வாத்தியாரே. சத்தியமா நான் கொளுத்தலை."

"பின்ன?"

"பக்கத்து வீட்டுக்காரி போட்டா. அவ வீட்டுல போட்டுட்டு, எங்க வீட்டுல இல்லையேன்னு அவளுக்கு மனசு கேக்கலை. கரண்டியோட சுவத்து மேல நீட்டிட்டா. வேண்டாம்னு திருப்பி அனுப்ப முடியுமா?"

முடியாதுதான். சுவர் மேல் வந்த கிண்ணத்தை அந்த மஹல்லாவில் யாரும் திருப்பி அனுப்பியதில்லை, வெறுமையாகவும் அனுப்பியதில்லை. துர்சுனோய் பதிலுக்கு நாலு வாதுமைக் கொட்டை போட்டு அனுப்பியிருந்தாள். புகை இல்லாத இருபது வீட்டில் பத்தொன்பதில் இதே கதை. இருபதாவது வீட்டில் ஆள் இல்லை. ஆனால் அங்கேயும் யாரோ சன்னல் இடுக்கு வழியாகப் போட்டிருந்தார்கள்.

வாத்தியார் வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தார்.

"இந்த சனங்களுக்கு ஒப்பிடுறதுன்னா என்னன்னே தெரியலை இனோயத். ஒருத்தன் சாப்பிடும்போது ஒருத்தன் பார்த்துக்கிட்டு இருக்கணும். அதுதான் ஆராய்ச்சி."

"அது ஆராய்ச்சியா இருக்கலாம். பார்க்க நல்லாவா இருக்கு?" என்றபடி இனோயத் வேகவைத்த பூசணித் துண்டு இரண்டை முன்னால் வைத்தாள். "எல்லாருக்குமே ஒரு பொட்டலம் குடுத்துடுங்களேன். உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

வாத்தியார் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருஷத்தில் அவள் சொன்ன முதல் அறிவியல் கருத்து. கூடவே இருந்ததில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் நாற்பது துணிப் பை தைத்தாகிவிட்டது. இருபதில் அசல் இசிரிக். இருபதில் மாட்டுக்குப் போடுகிற காய்ந்த குதிரைமசால் புல், பொடியாக நறுக்கி. பார்வைக்கு இரண்டும் ஒன்று. சிவப்பு நூல் கட்டியது அசல், நீல நூல் கட்டியது புல். இந்த விவரம் ஒரு தாளில் எழுதி, மடித்து, அவருடைய மேலங்கியின் உள்பையில் போனது. நாற்பது வீட்டுக்கும் மறுபடி நடந்து, ஆளுக்கொரு பை கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டே நாள்தான்.

"வாத்தியாரே, எங்க பை வெடிக்கலை," என்றாள் துர்சுனோய்.

"என்ன வெடிக்கலை?"

"இசிரிக் விதை நெருப்புல பட்டா படபடன்னு வெடிக்கணும். பக்கத்து வீட்டுல வெடிக்குது. எங்களுது மாடு மேயுற மாதிரி சத்தமே இல்லாமக் கிடக்கு."

மாடு என்றதும் வாத்தியார் நோட்டுக்குள் குனிந்துகொண்டார். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், "அது வேற வயல்ல வெளைஞ்சது," என்றார். அதுதான் அவர் இந்த ஆராய்ச்சியில் சொன்ன முதல் பொய். சொன்ன பிறகு பார்த்தால் அது பொய்கூட இல்லை என்று தோன்றியது. வேறு வயல்தான்.

ஆனால் வெடிக்காத பைக்காரர்கள் மறுபடி வெடிக்கிற வீட்டுச் சுவரோரம் போய் நிற்க ஆரம்பித்தார்கள். வாத்தியார் யோசித்தார். இயற்பியல் கைவிடவில்லை. கல்லுப்புப் படிகத்துக்குள் துளித்துளியாகத் தண்ணீர் சிறைப்பட்டிருக்கும், சூடேறினால் ஆவியாகி உடைத்துக்கொண்டு வெளியே வரும். நீலப் பைகளையெல்லாம் 'மாற்றித் தருகிறேன்' என்று வாங்கி வந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி கல்லுப்புப் போட்டு, இருபது வீட்டுக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று வீடு திரும்பும்போது அவருக்கே ஒரு பெருமிதம். பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில் கூட இந்த அளவுக்கு யோசிப்பார்களா என்பது சந்தேகம்.

உப்பை ஒரு பிடி போட்டதுதான் தவறு. ஒரு சிட்டிகை போட்டிருக்க வேண்டும்.

அடுத்த சுற்றில் தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. கல்யாண வீட்டு வாசலில் வெடி போட்ட மாதிரி. துர்சுனோய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வாத்தியாரே, இதுதான் பை. நேத்து எங்க வீட்டுப் பூனை அலமாரி மேல ஏறினது இன்னும் இறங்கலை."

"நல்லது. அப்ப திருப்திதானே?"

"எனக்குத் திருப்தி. ஆனா பாதிப் பையைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் குடுத்துட்டேன். அவளோடது சவசவன்னு இருக்குன்னு ரொம்பக் கவலைப்பட்டா. முந்தி அவ எனக்குப் புகை குடுத்தவளாச்சே."

"கொடுத்துட்டீங்களா?"

"நான் மட்டுமா? தெருவே மாத்திக்கிட்டு இருக்கு. சிவப்பு நூல் பையிலேருந்து ரெண்டு பிடி குடுத்தா நீல நூல் பையிலேருந்து ஒரு பிடி கிடைக்குது. உங்க சம்பந்தியம்மா மூணு பிடி குடுத்து ஒரு பிடி வாங்கியிருக்காங்க."

ஆக, கோகந்தின் ஒரு மஹல்லா முழுக்க மாட்டுப் புல்லும் உப்பும்தான் இப்போது கண் திருஷ்டி கழித்துக்கொண்டிருந்தது. அசல் இசிரிக் கேட்பாரற்றுக் கிடந்தது.

வாத்தியார் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். சிவப்புப் பைகளிலும் உப்பைப் போட்டு, சுவர் தாண்டிப் போனவை, சின்னம்மா வீட்டுக்குப் போனவை, பக்கத்து ஊர் ரிஷ்தானுக்குப் போய்த் திரும்பி வந்தவை என்று எல்லாவற்றையும் தேடிப் பிடித்து, புதுப் பையாக நாற்பது வீட்டுக்கும் கொடுத்து முடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு வீட்டில் பை கிழிந்துவிட்டது என்பார்கள். இன்னொரு வீட்டில் நனைந்துவிட்டது என்பார்கள். தெருவின் கடைசி வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினால் தெருவின் முதல் வீட்டில் பை தொலைந்திருக்கும்.

"கார் என்னப்பா ஆச்சு?" என்று எல்யோரைக் கேட்டார்.

"அந்தப் பாகம் வந்துச்சு மாமா. ஆனா வலப்பக்கத்துக்கு உள்ளது வந்துடுச்சு. திருப்பி அனுப்பியிருக்கேன்."

*

இனி எண்ணுவது ஒன்றுதான் பாக்கி.

இதில் வாத்தியார் எதிர்பார்க்காத இடத்தில் பாறை இருந்தது. அவர் பிறந்து வளர்ந்த ஊர்தான், அவருக்கே தெரிந்த வழக்கம்தான். ஆனால் நோட்டும் பேனாவுமாகப் போகும்போது தெரிந்ததெல்லாம் மறந்துவிடுகிறது.

"சலாம். நல்லா இருக்கீங்களா?"

"அல்லா புண்ணியத்துல நல்லா இருக்கோம். நீங்க நல்லா இருக்கீங்களா? இனோயத் அக்கா நல்லா இருக்காங்களா? ஷஹ்லோ நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா. வீட்டுல பிள்ளைங்க?"

"நல்லா இருக்காங்க."

"யாருக்காவது சளி, இருமல்?"

"இல்லவே இல்லை," என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் அந்தப் பக்கம் திரும்பி மூன்று தரம் தும்மினார்.

"இது?"

"இது தும்மல்."

கிண்ணத்தில் கால் பங்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்ததும் மறுபடி கால் பங்கு. மரியாதைக்குரிய விருந்தாளி சீக்கிரம் எழுந்து போய்விடக் கூடாதல்லவா. ஆனால் வாத்தியாருக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. இந்த மஹல்லாவில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஆட்டு வால் கொழுப்பு மினுமினுக்கிற புலாவை முன்னால் தள்ளாமல் விடமாட்டார்கள். இந்தக் குளிர்காலம் நாற்பது வீட்டிலும் சர்க்கரை போடாத தேநீரும் வேகவைத்த பூசணியும்தான். ஜனங்கள் சிக்கனத்துக்கு வந்துவிட்டார்கள் என்று நோட்டின் ஓரத்தில் ஒரு சமூகக் குறிப்பு எழுதிவைத்தார்.

மூன்று சுற்று முடிந்தபோது கணக்கு இப்படி இருந்தது: சிவப்புப் பை வீடுகளில் சளி, பூஜ்யம். நீலப் பை வீடுகளில் சளி, பூஜ்யம். குளிரில் நாற்பது வீட்டில் ஒரு மூக்கு ஒழுகவில்லை. இதை வெளியே சொன்னால் தலைநகர் தாஷ்கெந்திலிருந்து ஆள் அனுப்பிவிடுவார்கள்.

"வாயால கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க," என்றார் சம்பந்தி வீட்டில் உட்கார்ந்து. "மறைமுகமா ஒரு அளவுகோல் வேணும்."

"கைக்குட்டையை எண்ணுங்களேன்," என்றாள் சுல்ஹுமோர். "சளி பிடிச்ச வீட்டுக் கொடியில கைக்குட்டை அதிகமாத் தொங்கும்."

வாத்தியார் அசந்துபோனார். தன் வட்டம் எத்தனை பேரை எப்படி மாற்றியிருக்கிறது.

"ஆனா ஒண்ணு சம்பந்தி. சிலரு காலையில துவைப்பாங்க, சிலரு மத்தியானத்துக்கு மேல. ஒரு நேரம் மட்டும் போனீங்கன்னா கணக்கு தப்பிடும். காலையில ஒரு சுத்து, சாயங்காலம் ஒரு சுத்து."

"தினமுமா?"

"உண்மைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவா?"

அது அவருடைய வாசகமே. எப்போதோ சொன்னது.

மூன்றாம் நாள் துர்சுனோயின் கணவர் குறுக்கே வந்து நின்றார். ரொட்டி சுடுகிறவர், கை இரண்டும் தூண் மாதிரி.

"வாத்தியாரே, மரியாதைக்குரியவரு. கேக்கவே கூச்சமா இருக்கு. என் பொஞ்சாதி துணி காயப் போடுற இடத்துல நின்னு என்ன எழுதுறீங்க?"

"கைக்குட்டை எண்ணுறேன்."

"எதுக்கு?"

"அது அறிவியல்."

"போன வாரம் பொட்டலம். இந்த வாரம் கொடி. அடுத்த வாரம் அறிவியல் எங்க வந்து நிக்கும்?"

அவரைச் சமாதானப்படுத்த ஒரு மணி நேரம் ஆயிற்று. வாத்தியார் அதற்குப் பிறகு கொடியைத் தூரத்திலிருந்து எண்ணினார். தூரத்திலிருந்து பார்த்தால் தலைத்துணியும் கைக்குட்டையும் ஒன்றாகத் தெரிந்தது. அதனால் பக்கத்து மேட்டில் ஏறி எண்ணினார். ஒரு நாளைக்கு இரண்டு தரம் மேடேறி இறங்கியதை அவர் கவனிக்கவில்லை. இடுப்புவார் இரண்டு துளை உள்ளே போனதையும் கவனிக்கவில்லை. தோல் குளிரில் நீள்கிறது என்று நினைத்தார். இயற்பியல் வாத்தியார் நினைக்கக்கூடாத விஷயம்.

*

வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளை பிறந்தது. பையன். வாத்தியார் பிரசவ ஆஸ்பத்திரி சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார். ஷஹ்லோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாள். பொட்டலம் கொட்டாவி விட்டது. மார்பு ஒரு குருவியின் மார்பு போல மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு விடுவார்களாம்.

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. வாத்தியார் கரும்பலகையில் இரண்டு எண் எழுதினார்.

"சிவப்பு நூல் வீடுகள்ல கைக்குட்டை, நூத்திப் பதினெட்டு. நீல நூல் வீடுகள்ல..." ஒரு கணம் தயங்கினார். "எண்பத்தி ரெண்டு."

கூடத்தில் முணுமுணுப்பு.

சுல்ஹுமோர் எழுந்தாள். "அப்ப நீலப் பைக்காரங்களுக்குச் சளி குறைச்சல்."

"எண்ணிக்கையைப் பார்த்தா அப்படித்தான். ஆனா..."

"ஆனா என்ன? புகை போட்ட வீட்டுல சளி குறைச்சல்னா போடுவேன்னு சொன்னேன். எது நல்ல பைன்னு கண்டுபிடிச்சும் குடுத்துட்டீங்க. நாளைக்குப் பிள்ளை வீட்டுக்கு வருது. நீலப் பையில என்ன இருக்குன்னு சொல்லுங்க. நான் அதையே போடுறேன். காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம்."

வாத்தியார் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்பையில் அந்தத் தாள் இருந்தது. எடுக்காமலே இருந்துவிடலாம். இசிரிக்தான், வேறு வயல் இசிரிக் என்று சொல்லிவிடலாம். கூடம் கை தட்டும். வட்டத்தின் பெயர் மாவட்டம் முழுக்கப் பரவும். நாளைக்கு அந்தக் குருவி மார்புக்குள் உப்பு வெடிக்கிற புல்புகை போகும். போடுவதற்கு ஆதாரம் அவரே கொடுத்தது.

தாளை வெளியே எடுத்தார்.

"மாட்டுப் புல்லு," என்றார்.

"என்னது?"

"நீலப் பையில இருக்கிறது குதிரைமசால் புல்லு. கூட ஒரு பிடி உப்பு. வெடிக்கிறதுக்கு."

துர்சுனோய் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"துர்சுனோய், வேற வயல்ல வெளைஞ்சதுன்னு உங்ககிட்ட சொன்னேன். பொய். அதுக்கப்புறம் சிவப்புப் பையிலயும் உப்பு போட்டேன். அதுக்கு முன்னாடியே பையெல்லாம் தெருத்தெருவா மாறிப்போச்சு. யாரு எதைப் போட்டீங்கன்னு எனக்கும் தெரியாது. கைக்குட்டைன்னு எண்ணினதுல பாதி தலைத்துணி. இந்த ரெண்டு எண்ணுக்கும் ஒரு அர்த்தமும் கிடையாது." கரும்பலகையைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்தார். "நான் ஆராய்ச்சி பண்ணலை. ஆறு வாரம் ஊரைச் சுத்திக்கிட்டு இருந்தேன். அவ்வளவுதான். ஆனா சம்பந்தி, ஆராய்ச்சி கெட்டதுங்கிறதால புகை நல்லதாயிடாது. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். அந்தப் பிள்ளை அறையில எதையும் கொளுத்தாதீங்க."

மிர்வோஹித் வாத்தியார் கெஞ்சி அந்த மஹல்லா பார்த்ததில்லை. பலர் அடுப்பைப் பார்த்தார்கள். ரொட்டிக்காரர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

சுல்ஹுமோர் தலைத்துணியைச் சரி செய்துகொண்டாள்.

"சரி சம்பந்தி. போடலை."

வாத்தியார் அடுத்த வாதத்துக்குத் தயாராக வாயைத் திறந்திருந்தார். திறந்தபடியே நின்றார்.

"போடலையா?"

"போடலைன்னு சொன்னேனே. எனக்கே புகைன்னா கண்ணெல்லாம் எரியும்."

"அப்ப இத்தனை நாளா..."

சுல்ஹுமோர் திரும்பி இனோயத்தைப் பார்த்தாள். இனோயத் தேநீர்க் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள். எல்யோர் சட்டைப்பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாதவன் போல மேசை மேல் வைத்தான். அந்திஜான் பாகம் வந்துவிட்டதா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

வாத்தியாருக்கு நெஞ்சு படபடத்தது. உட்கார்ந்தார். பின்வரிசையில் எப்போதும் வாய் திறக்காமல் தூங்கி வழிகிற மருத்துவமனைச் செவிலி சவோதத் எழுந்து வந்து, கேட்காமலே அவர் சட்டைக் கையை மடித்து, ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைச் சுற்றி, புஸ் புஸ் என்று காற்றடித்தாள். அவளுடைய நோட்டில் ஏதோ ஒரு பழைய பக்கத்தைப் புரட்டி, பக்கத்தில் புது எண்ணை எழுதினாள். பிறகு அவரைத் தாண்டி இனோயத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நூத்தி எழுபத்தஞ்சு இப்ப நூத்தி முப்பதுக்கு வந்துடுச்சு. நாப்பது வீட்டுக்கும் சொல்லிடுங்க, இனிமே சளி இருந்தா இருக்குன்னு சொல்லிக்கலாம். இந்தக் குளிருக்கு வாத்தியாரு நடந்தது போதும்."